பேச்சியம்மாள் பிரித்த மெத்தை

கோத்தா திங்கி பட்டணத்துக்குக் கீழே, ஜொகூர் ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. ஆற்றோரத்தில் எந்தத் தோட்டத்துத் துறையில் எண்ணெய் சிந்தினாலும், "பேச்சியைக் கூப்பிடுங்க" என்றுதான் முதலில் சொல்லுவார்கள். பேச்சியம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பஞ்சு திணித்த நீளச் சாக்குகளைத் தொங்கானில் ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். சரக்கு ஏற்றுகிற அகலப் படகைத்தான் நாங்கள் தொங்கான் என்கிறோம். திரும்பி வரும்போது முழங்கை வரைக்கும் கறுப்பாக இருக்கும். முகத்தில் மட்டும் பெரிய சந்தோஷம்.

இந்த வேலை அவளுக்கு எப்படி வந்தது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். பொறாமையால் வந்தது. நான் அவளைக் குறை சொல்லுவதாக நினைக்க வேண்டாம். அவளே சொல்லுவாள். அம்பாள் ஒவ்வொருவரை ஒவ்வொரு கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள். பேச்சியம்மாளை இழுத்த கயிறு அது.

அவள் புருஷன் தங்கராஜு தோட்டத்தில் கொசு எண்ணெய் அடிக்கிறவர். முதுகில் தகரத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற கான்களிலும் குட்டைகளிலும் எண்ணெய் தெளித்துக்கொண்டே போவார். தண்ணீரின் மேல் எண்ணெய் ஆடையாகப் படர்ந்தால் கொசுக் குஞ்சு மூச்சு விடமுடியாமல் செத்துப்போகும், மலைக்காய்ச்சல் குறையும் என்று துரைமார்கள் கண்டுபிடித்த வேலை. நல்ல மனுஷர். ஆனால் அவர் மேலும், அவர் துணிமணி மேலும், அவர் தொட்ட சோற்றின் மேலும் அந்த எண்ணெய் வாடை அடிக்கும். பேச்சியம்மாள் வெளிக்காட்டில் புல் வெட்டுகிறவள். சிவப்பாக, குட்டையாக, வேகமாக இருப்பாள். அதைவிட வேகம் அவள் வாய்.

அவளுக்கு இரண்டு வீடு தள்ளி, அதே லயத்து வரிசை வீட்டில் தனலெட்சுமி. இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். சித்தி பெரியம்மா பிள்ளைகள். தனலெட்சுமி ஒரு வயது இளையவள் என்பதால் "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்காவுக்கு இந்தத் தங்கையைப் பார்த்தால் வயிறு எரியும்.

எதற்கு என்று கேட்டால் எதற்கு இல்லை என்றுதான் கேட்கவேண்டும். தனலெட்சுமியின் புருஷன் மூர்த்தி இஞ்சின் வீட்டில் வேலை, நிழலில் நிற்கிறவர். தனலெட்சுமிக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். ஒரே கொடியில் இரண்டு பேர் சேலையும் கிடந்தால் அவள் சேலை முதலில் காய்ந்துவிடும் என்று பேச்சியம்மாள் சொல்லுவாள். "வெயிலுக்கும் ஆள் பாக்கத் தெரியுது" என்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மெத்தை.

எங்கள் லயத்தில் எல்லாரும் பாயில் படுக்கிறவர்கள். தனலெட்சுமி வீட்டில் மட்டும் நீலக்கோடு போட்ட கெட்டித் துணியில் ஒரு மெத்தை இருந்தது. பட்டணத்தில் யஹ்யா ராவுத்தர் கடையில் வாங்கினது, சுத்தமான இலவம்பஞ்சு என்று தனலெட்சுமி சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் பெஞ்சுப் பலகை போட்டு அதைக் காயவைப்பாள். பிள்ளைகள் யாரும் ஏறக்கூடாது. பெரியவர்கள் உட்காரக்கூடாது. ஒருமுறை பேச்சியம்மாளின் மகள் புஷ்பவள்ளி ஓடிவந்து அதன் மேல் விழப் பார்த்தபோது, தனலெட்சுமி பதறிப்போய்ப் பிள்ளையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"தொட்டா தேஞ்சா போயிடும்? பெரிய மகாராணி கட்டிலு!" என்று பேச்சியம்மாள் லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். தனலெட்சுமி ஒன்றும் பேசாமல் மெத்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அது இன்னும் எரிச்சல். சண்டைக்கு வந்தால்தானே சண்டை போடமுடியும்.

அடுத்தது தீர்த்தக்குடம். சித்திரையில் எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு ஆற்றில் தண்ணீர் மொண்டு, சுமங்கலிகள் குடம் சுமந்து வருவார்கள். முதல் குடம் யார் எடுப்பது என்று பூசாரி பூக்கட்டிப் பார்ப்பார். தொடர்ந்து மூன்று வருஷமாகத் தனலெட்சுமி பேருக்கே வெள்ளைப்பூ வந்தது. குடம் எடுத்து வருகிறவர்கள் அம்பாளையே சுமந்து வருகிற மாதிரி. அதனால் லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரி மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அவர்கள் காலைக் கழுவிக் கும்பிடவேண்டும். தனலெட்சுமியின் காலைக் கழுவுவதா? அந்த நேரத்துக்குப் பேச்சியம்மாளுக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துகொண்டிருக்கும். "புஷ்பா, நீ ஊத்து" என்று மகளை அனுப்பிவிடுவாள். கதவு இடுக்கில் நின்று பார்ப்பாள். அழுவாள்கூட. அம்பாள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

நான் சொல்ல வந்த வருஷமும் முதல் பூ தனலெட்சுமிக்கே விழுந்தது. அவள் காப்புக் கட்டி விரதம் இருந்தாள். விடிந்தால் திருவிழா. அன்றைக்கு முற்பகலில் கொசு எண்ணெய் ஏற்றி வந்த தொங்கான் எங்கள் துறையில் வந்து நின்றது. பீப்பாய்களைப் பலகையில் உருட்டி இறக்கும்போது பலகை முறிந்தது. இரண்டு பீப்பாய் கல்லில் மோதிப் பிளந்து, கறுப்பு எண்ணெய் முழுவதும் ஆற்றில் போய்விட்டது.

அந்த நேரம் கடல் ஏறிக்கொண்டிருந்தது. அதனால் ஆறு மேல்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. எண்ணெய் எங்கும் போகாமல் வளைவுக்குள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. தீர்த்தம் மொள்ளுகிற படியும் அந்த வளைவில்தான். தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். கீழே மலாய்க்காரர் கிராமம், கம்பம் என்போம். அவர்கள் மீன்கூண்டு கட்டியிருக்கிறார்கள். அந்த ஆற்றைத்தான் குடிக்கிறார்கள்.

துரை வந்து பார்த்துவிட்டு, மூங்கிலை நுனிக்கு நுனி கட்டி வளைவின் வாயில் மிதக்கவிடச் சொன்னார். மூங்கிலில் சாக்குகளைத் தைத்து, தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள். எண்ணெய் தாண்டாமல் மறிக்க வேலி மாதிரி. இரண்டு கரையிலும் ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். தங்கராஜுதான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எங்கே இழுக்க, எங்கே விட என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷமா தண்ணியில எண்ணெய ஊத்தினே. இப்ப அதுவே உன்ன இறக்கிவிட்டுருச்சு பாத்தியா?" என்று கரையிலிருந்து ஒருவர் கேலி செய்தார்.

"ஊத்தத்தான் துரை எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அள்ள யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் தங்கராஜு.

அதுதான் விஷயம். மறித்தாயிற்று. அள்ளுவது எப்படி? வாளியால் மொண்டால் தண்ணீர்தான் வந்தது. சாக்கைப் போட்டு எடுத்தால் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துக்கொண்டு கனத்தது.

பேச்சியம்மாள் சொன்னாள்: "பஞ்சு வேணும். இலவம்பஞ்சு. இவரு தொட்டி ஒழுகி என் தலையணை ஒண்ணு எண்ணெயில ஊறிப் போச்சு. அலசலாம்னு கான்ல போட்டா ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல, அப்படியே மெதக்குது. எண்ணெய மட்டும் பிடிச்சு வச்சுக்கும். பிழிஞ்சா விட்டுரும். மறுபடியும் போடலாம்."

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி சபாபதி அதைத் துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். துரை தலையை ஆட்டினார். நல்ல யோசனை, கொண்டுவரச் சொல் என்றார். பஞ்சுக்கு எங்கே போவது? கம்பத்து மரங்களில் காய் இன்னும் பச்சை. ராவுத்தர் கடைக்கு ஆள் போய் வருவதற்குள் தண்ணீர் இறங்கிவிடும்.

"இந்த லயத்துல யாருகிட்டம்மா பஞ்சு இருக்கு?" என்று கிராணி கேட்டார்.

இங்கேதான் பேச்சியம்மாளின் குணத்தைப் பார்க்கவேண்டும். அவள் வீட்டிலேயே பஞ்சு இருந்தது. தங்கராஜு எண்ணெய் அடிக்கக் கம்பத்துப் பக்கம் போகும்போதெல்லாம், அந்த மக்கள் கொடுக்கிற இலவங்காயைக் கொண்டுவருவார். அதை அடைத்து மாவுச்சாக்குத் துணியில் தைத்த தலையணைகள் அவள் வீட்டில் ஆளுக்கு ஒன்று, தொட்டிலுக்கு ஒன்று, சாய்ந்துகொள்ள நீளமாக இரண்டு. அதைப்பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

"தனலெட்சுமி வீட்டுல மெத்த இருக்குங்களே! சுத்தமான இலவம்பஞ்சு. ராவுத்தர் கடச் சரக்கு. அம்பாள் தீர்த்தத்துக்குக் குடுக்கமாட்டாளா என்ன? முதல் குடம் எடுக்கிறவளாச்சே!"

எல்லாரும் தனலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மஞ்சள் சேலையோடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போனது.

"குடுக்கறேன். நானே பிரிச்சுக் கொண்டாறேன்" என்றாள்.

"நீ காப்புக் கட்டினவ. எண்ணெயத் தொடலாமா? தீட்டு. நீ கோயில்ல இரு. நான் பிரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பேச்சியம்மாள் நடந்தாள். அந்த மெத்தையைத் தன் கையால் கிழிக்கவேண்டும். அந்த நீலக்கோட்டில் தன் அரிவாள் இறங்கவேண்டும். அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது. பின்னாளில் அவளே சொன்னாள்.

மெத்தையைத் தூக்கினபோதே சந்தேகம் வந்ததாம். இலவம்பஞ்சு இவ்வளவு கனக்காது. நடக்கும்போது உள்ளே சரசரவென்று சத்தம். லயத்துக்குப் பின்னால் குளிக்கிற தொட்டிக்கு மறைவில் போட்டு, ஓரத் தையலை அறுத்தாள். கையை விட்டாள். மேலாக ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாகப் பஞ்சு பரப்பியிருந்தது. அதற்குக் கீழே காய்ந்த லாலாங் புல். தேங்காய் நார். மூர்த்தியின் கிழிந்த சட்டைகள். தனலெட்சுமி கப்பலில் கட்டிக்கொண்டு வந்த சேலைகூட நாலாக மடித்து நடுவில் வைத்துத் தைத்திருந்தது.

பேச்சியம்மாளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. ஒரு கை நிறையப் புல்லை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடவேண்டும், "இந்தா பாருங்க ராவுத்தர் கடப் பஞ்சு!" என்று கூவவேண்டும் என்று கால் பரபரத்தது. பிள்ளைகளை ஏறவிடாததும், யாரையும் உட்காரவிடாததும் ஏன் என்று அப்போது விளங்கிற்று. உட்கார்ந்தால் புல் சத்தம் கேட்டுவிடும்.

ஓட எழுந்தவள் நின்றாள். தொட்டியின் மூலையில் தனலெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கோயிலில் இருக்கமுடியாமல் பின்பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறாள்.

"துணி மட்டும்தான் கடயில வாங்கினோம்க்கா. பஞ்சுக்குப் பிறகு பாத்துக்கலாம்னு..."

பேச்சியம்மாள் கையில் புல்லோடு அவளைப் பார்த்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லப் போறியா?"

"இந்தப் புல்லுக்காடி நான் இத்தன வருஷமா வயிறெரிஞ்சேன்?" என்று பேச்சியம்மாள் கத்தினாள். கோபம் என்றால் அப்படிக் கோபம். யாரோ தன்னிடமிருந்து எதையோ திருடிவிட்ட மாதிரி. "மாடு திங்கிற புல்லு! இதப் பாத்துத் தூங்காம கெடந்திருக்கேன்டி பாவி!"

தனலெட்சுமி அழ ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் துறையிலிருந்து தங்கராஜு கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "பஞ்சு எங்க? தண்ணி நின்னு போச்சு! இறங்கப் போவுது!"

பேச்சியம்மாள் புல்லைக் கீழே போட்டாள். வீட்டுக்குள் ஓடினாள். தலையணைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கிழித்து, வெள்ளை வெளேரென்று பஞ்சை அந்த நீலக்கோட்டு உறைக்குள் திணித்தாள். தொட்டில் தலையணையையும் விடவில்லை. உறை பொம்மென்று எழுந்தது. இத்தனை நாளும் மெத்தை மாதிரி நடித்தது, அப்போதுதான் நிஜ மெத்தையாக ஆனது.

"அக்கா, இது உன் பஞ்சு..."

"வாயப் பொத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போ. விரதக்காரி கொல்லையில நிக்கிறா பாரு."

புல்லையும் அவள் விடவில்லை. கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். காய்ந்த புல்லும் எண்ணெயைக் கொஞ்சம் குடிக்கும். கேட்டவர்களுக்குக் கொல்லையில் கிடந்தது என்று சொல்லிவிட்டாள்.

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பஞ்சைச் சாக்குகளில் திணித்து, பாம்பு மாதிரி நீளமாகக் கட்டி, எண்ணெயின் மேல் போட்டார்கள். வெள்ளைப் பஞ்சு கண் முன்னாலேயே கறுத்தது. இழுத்தெடுத்துப் பாதியாக வெட்டின பீப்பாயின் மேல் இரண்டு பேராக முறுக்கிப் பிழிந்தார்கள். எண்ணெய் கொழகொழவென்று இறங்கியது. மறுபடி போட்டார்கள். பேச்சியம்மாள் பிழிந்த மாதிரி யாரும் பிழியவில்லை. யாருடைய கழுத்தை நினைத்துக்கொண்டு பிழிந்தாளோ, எனக்குத் தெரியாது. ஆறு இறங்க ஆரம்பித்தபோது மூங்கில் வளைந்து நெளிந்தது. ஆட்கள் கயிற்றோடு சேற்றில் சறுக்கினார்கள். விடவில்லை. கடைசியில் தண்ணீர் மேல் வானவில் மாதிரி ஒரு மெல்லிய பளபளப்புத்தான் மிச்சம். புல்கட்டைப் போட்டு அதையும் துடைத்தெடுத்தார்கள். கம்பத்துக்கு ஒன்றும் போகவில்லை.

கிராணி சபாபதி படியில் ஏறி நின்று சொன்னார்: "தனலெட்சுமி மெத்தையால ஆறு பிழைச்சது. ஆசையா வச்சிருந்ததை அம்பாளுக்குன்னு குடுத்தாளே, அது மனசு!"

பெண்கள் எல்லாம் குலவையிட்டார்கள். பேச்சியம்மாள் கறுத்த கையோடு பீப்பாய்ப் பக்கத்தில் நின்றாள். 'என் தலையணைடா அது!' என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். காறி ஆற்றில் துப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் தங்கராஜு குளித்துவிட்டு வந்து படுக்கப்போனவர், "தலையணை எங்கடி?" என்றார்.

"ஆத்துக்குப் போச்சு."

"எல்லாமா? அப்படின்னா அந்தப் பஞ்சு..."

"கைய மடக்கித் தலைக்கு வச்சுக்கிட்டுப் படு. கேள்வி கேட்டே, அந்தக் கையையும் பிழிஞ்சிருவேன்."

மறுநாள் உறுமி மேளத்தோடு தீர்த்தக்குடம் வந்தது. ஆற்று நீர் தெளிவாகவே இருந்தது. லயத்தில் ஒவ்வொரு வாசலாகக் கால் கழுவிக்கொண்டு வந்தார்கள். பேச்சியம்மாள் வாசலுக்கு வந்ததும், வழக்கம்போலப் புஷ்பவள்ளி செம்போடு வந்தாள். பின்னாலேயே பேச்சியம்மாள் வந்து செம்பை வாங்கிக்கொண்டாள். லயமே அதிசயமாகப் பார்த்தது.

அவள் குனிந்து தண்ணீர் ஊற்றினாள். தனலெட்சுமியின் குதிகாலில் கறுப்பாக எண்ணெய் ஒட்டியிருந்தது. கொல்லைப்பக்கம் வந்தபோது, தங்கராஜுவின் எண்ணெய்த் தொட்டி வைக்கிற இடத்தை மிதித்திருக்கிறாள். பேச்சியம்மாள் தேங்காய் நாரை எடுத்து மஞ்சளைத் தொட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்க்கா, எல்லாரும் நிக்கிறாங்க."

"நில்லு. எண்ணெய்க் காலோட அம்பாள்கிட்டப் போவியா?"

மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் தனலெட்சுமி கேட்டாள்: "சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்க்கா?"

பேச்சியம்மாள் நிமிராமலே சொன்னாள்: "சொல்லிட்டா அப்புறம் யாரப் பாத்துடி நான் வயிறெரியறது? இந்த லயத்துல வேற யாருக்கு அந்த லெட்சணம் இருக்கு?"

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரதக்காரி சிரிக்கலாமா? அடக்கினதில் குடம் குலுங்கி, தீர்த்தம் பேச்சியம்மாள் தலையில் சளக்கென்று கொட்டியது. பூசாரி, "அம்பாள் இறங்கிட்டா!" என்று கூவினார். அம்பாள்தான். வேறு யார்?

அதற்குப் பிறகு துரை, எங்கள் துறையில் ஒரு கொட்டகை போட்டு, கட்டின மூங்கிலும் பஞ்சுச் சாக்கும் எப்போதும் தயாராக இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். பஞ்சு சேர்க்கவும், சாக்கு தைக்கவும் பேச்சியம்மாளை வைத்தார்கள். மற்றத் தோட்டத்துத் துரைமாரும் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். சாக்கை முறுக்க இரண்டு பேர் வேண்டும். இன்னொரு கை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? தனலெட்சுமிதான். தொங்கானில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் போவார்கள். போகும்போது சண்டை, வரும்போது சண்டை. "நீ பிழியிறது பத்தாது." "நீ பிழிஞ்சா சாக்கே கிழியுது." முதல் பூ பேச்சியம்மாளுக்கு ஒரு வருஷமும் விழவில்லை. இரண்டாம் குடம் கிடைத்தது. முதல் குடத்தின் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

மெத்தைக் கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போன திருவிழா முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, லயத்துக்குப் புதிதாக மருமகளாக வந்த சந்திரமதி, பேச்சியம்மாளிடம் ஏதோ வாய் கொடுத்துவிட்டு, "பொறாமையில ஊரான் வீட்டு மெத்தயக் கிழிச்சவதானே நீங்க!" என்று சொல்லிவிட்டாள். எல்லார் கையும் சோற்றில் அப்படியே நின்றுபோனது. பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலைகுனிந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தனலெட்சுமி எழுந்தாள். "அந்த மெத்தயில இருந்தது லாலாங் புல்லு. ஆத்துல போட்ட பஞ்சு அக்காவோட தலையணைப் பஞ்சு. பேரு மட்டும் எனக்கு வந்துச்சு. இத்தன வருஷமா அக்கா வாயத் திறக்கல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அவளே சொன்னதால்தான் நானும் எழுதுகிறேன்.

பிறகு கிராணி சபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தனக்குக் கிடைச்ச பேரைத் தானே எறக்கி வைக்கிறதுன்னா எவ்வளவு பெரிய மனசு வேணும்! தனலெட்சுமி மாதிரி யாரு இருக்கா!" என்றார். பெண்கள் தனலெட்சுமியைச் சுற்றிக்கொண்டார்கள்.

பேச்சியம்மாள் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"பாத்தீங்களா? இதுக்கும் அவளுக்குத்தான் பேரு!"